நீக்கும் காரணம் (கட்டாயம் நிரப்பவும்)

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. போனில் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாராவது வந்து "இது எங்க டீச்சர் கதையாச்சே" என்று கேட்டால் நான் திருதிருவென்று முழிக்க வேண்டியிருக்காது.

பெங்களூர் ராமமூர்த்தி நகரில், என் வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண் குரல், எந்த முன்னுரையும் இல்லாமல், "சார், ராத்திரில நீங்க எங்க தூங்குறீங்க?" என்று கேட்டது. கல்யாணமான எவனும் இந்தக் கேள்விக்கு என்ன செய்வானோ அதையே செய்தேன். கட் செய்தேன். மறுபடி அடித்தது.

"கட் பண்ணாதீங்க சார். ஆண்டர்சன்பேட்டையிலேர்ந்து கணக்கெடுப்பு டீச்சர் பேசறேன். உங்க அக்கா மாலா வூட்டு லிஸ்ட்ல உங்க பேரு கீது. நீங்க ஷிப்ட்டுக்குப் போயிக்கீறீங்கன்னு சொன்னாங்க."

நான் கோலார் தங்க வயலை விட்டு வந்து பதினாலு வருடம் ஆகிறது. அதைச் சொன்னேன். டீச்சர் காரணம் கேட்டார். வேலை என்றேன். சரி சார், எடுத்துடறேன் என்று வைத்துவிட்டார். மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும். எனக்கு ஏனோ அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் குரலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெயர், வயது, புருஷன், பிள்ளை எல்லாம் இனிமேல் நான் போடப்போவது.

2

தொடக்கங்கள்:

ஆண்டர்சன்பேட்டையில் அன்று காலை மழை பெ

(இல்லை. மழையில் தொடங்கும் கதைகளை எனக்கே பிடிக்காது.)

சயனைடு மேட்டின் மேல் சூரியன்

(வேண்டாம். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பற்றி எழுதினால் அந்தச் சுரங்கக் கழிவு மேட்டில்தான் ஏறுவார்கள். உள்ளூர்க்காரன் அதை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோவான்.)

வினோலியா டீச்சர் நூற்றுப் பதினெட்டு வீடுகளை எண்ணி முடித்திருந்தாள். தன் வீட்டை மட்டும் மறுபடி எண்ணவில்லை.

இது இருக்கட்டும். இதில் கதை முழுவதும் இருக்கிறது. அவளுக்கு நாற்பத்தைந்து வயது, அரசுப் பள்ளி ஆசிரியை, பள்ளி நேரம் போக இந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை தலையில் விழுந்திருக்கிறது. முதல் சுற்றில் தன் வீட்டுக்கு மூன்று பேர் என்று பதிந்தாள்: அவள், மகள் வின்னி, கணவன் லாய்ட். லாய்ட் அந்த வீட்டில் தூங்கி எட்டு மாதமாகிறது. அந்தப் பெயரை அவள் எடுப்பாளா, விடுவாளா? இதைத் தவிர இந்தக் கதையில் வேறு மர்மம் கிடையாது. ஏமாற வேண்டாம்.

3

அந்த எட்டு மாதக் கணக்கு எங்கே தப்பியது என்று புரிய ஒரு வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். கதையை நிறுத்திவிட்டுக் கட்டுரை எழுதுகிறானே என்று நினைப்பவர்கள் நாலாவது பகுதிக்குப் போகலாம். அங்கேயும் கொஞ்சம் கட்டுரை இருக்கிறது.

சுரங்கம் ஓடிய நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வாசலில் யாராவது வந்து அப்பா இருக்கிறாரா என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லக் கூடாது. தமிழில் அந்தச் சொல் ரொம்ப மோசமானது. கடைக்குப் போனவரும் இல்லை, செத்துப்போனவரும் இல்லை. ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே கேஜ் கூண்டில் இறங்கிப் போயிருக்கும் மனிதரை, மேலே நின்றுகொண்டு இல்லை என்று சொன்னால் அது பலித்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லி, வாயிலேயே வாங்கினேன். "ஷிப்ட்டுக்குப் போயிக்கீறாரு" என்றுதான் சொல்ல வேண்டும். போயிருக்கிறார், ஆனால் வீட்டு ஆள்தான், சோறு மூடி வைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.*

இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடினார்கள். வார்த்தையை மூட யாரும் வரவில்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய் இருட்டிய பின் திரும்புகிறவன் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கிச் சனிக்கிழமை வருகிறவனும் ஷிப்ட்டுக்குத்தான் போயிருக்கிறான். குவைத்தில் ஒன்பது வருடமாக இருப்பவனும் அப்படியே. அவன் மனைவி அதைச் சொல்லும்போது முகத்தில் பொய்யின் சாயல் துளியும் இருக்காது.

மக்கள்தொகை எப்படி ஏறி இறங்குகிறது என்று படித்தவர்கள் எழுதுவதை நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர், இவ்வளவுதான் கணக்கு. மாநிலம் சின்னதாக இருந்தால் ஒரு பெரிய வேலை வந்தாலும் போனாலும் கணக்கு சட்டென்று ஆட்டம் கண்டுவிடுமாம். எங்கள் ஊர் மாநிலமல்ல. ஆனால் சுரங்கம் இருந்தவரை தனக்கென்று ஆஸ்பத்திரி, கிளப், சங்கு என்று ஒரு குட்டி ராஜ்யமாகத்தான் நடந்துகொண்டது. வட ஆற்காட்டிலிருந்து ஆட்களை இழுத்த அதே வேலை, தீர்ந்ததும் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பெங்களூருக்குத் தள்ளியது. இதில் புதுசாக எதுவும் இல்லை. போனவரைப் போனவர் என்று சொல்ல ஒரு ஊரே மறுத்ததுதான் புதுசு.

(* இதை எங்கள் வீட்டு வழக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள்.)

4

வினோலியாவும் அந்த ஊர்க்காரிதான். அதுதான் வினையானது. வேறு ஊர் டீச்சராக இருந்தால் "ஷிப்ட்டுன்னா எங்கே?" என்று கேட்டிருப்பாள். இவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வீடு போனாள். எத்தனை பேர் என்றாள். அஞ்சு பேரு மேடம், மூணு பேரு ஷிப்ட்டுல கீறாங்க என்றார்கள். போனில் அந்தச் செயலியைத் திறந்து ஐந்து பேரையும் பதிந்தாள்.

போன முறை அவளுக்கு ஒதுக்கிய வட்டாரத்தில் ஐந்நூற்று எண்பத்தேழு பேர். இந்த முறை அறுநூற்று நாற்பத்தொன்று. ஊரில் மற்ற எல்லா வட்டாரமும் தேய்ந்துகொண்டிருக்க, பூட்டிய வீடுகள் நிறைந்த இவளுடைய லைன் வீட்டு வரிசைகள் மட்டும் வளர்ந்திருந்தன.

மேற்பார்வையாளர் அனிலுக்குக் கோலாரில் ஆபீஸ். முளபாகல் பக்கத்துக்காரர், தமிழ் கேட்டால் புரியும். முதலில் அவருக்குச் சந்தோஷம்தான். இவ்வளவு வளர்ச்சிக்குக் காரணம் என்ன என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் மேடம், மேலே கேட்கிறார்கள் என்று சொன்னார். பிறப்பு அதிகமா, புதுக் கம்பெனி எதுவும் வந்ததா?

வினோலியா பள்ளிக்கூட மேஜையில் உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் காரணங்கள் என்று தலைப்பு எழுதி, அடியில் கோடு போட்டாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள். ஒவ்வொரு பெயராக முகத்தை நினைத்துப் பார்த்தபோது பேனாவை மூடி வைத்தாள். நாலில் ஒரு முகத்தை அவள் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

(இந்த இடத்தில் நான் சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வந்தால் அந்தப் பக்கத்தை மறுநாள் படிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மறுநாள் படித்தேன். சிரிப்பு வரவில்லை, ஆனாலும் விட்டுவைக்கிறேன்.)

அனிலிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. விதியைக் காட்டினார்: கடந்த ஆறு மாதத்தில் பெரும்பாலான இரவுகள் இந்த வீட்டில் தூங்கியவர்தான் இந்த வீட்டு ஆள். மறுபடி போங்கள். ஒவ்வொரு பெயரையும் எடுக்கும்போது காரணம் குறிக்க வேண்டும். எடுத்த பெயர்களும் காரணங்களும் வார்டு ஆபீஸ் சுவரில் ஏழு நாள் ஒட்டியிருக்கும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம்.

சுவரில் ஒட்டுவார்கள் என்றதும் வினோலியா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அனில் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

5

எத்தனையோ வீடுகள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

பார்வதம்மாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ரவிகுமார் தினமும் ரயிலில் போய்வருகிறான். எத்தனை மணியானாலும் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் பெயருக்கு ஆபத்தில்லை. இளையவன் ரூபேஷ் பெங்களூரில் கல்யாணம் செய்து, அங்கேயே வீடு பிடித்து ஐந்து வருடமாகிறது. முதல் சுற்றில் பார்வதம்மா அவனையும், அவன் மனைவி மமதாவையும், அவர்கள் குழந்தையையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்தக் குழந்தை இந்த வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு வாரம் தூங்கியதில்லை.

வினோலியா விதியைச் சொன்னாள். பார்வதம்மா ரவிகுமாரின் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார். கோபமில்லை, வழக்குப் பேசும் குரல்.

"தூக்கத்த வச்சா மேடம் ஆள எண்றது? அப்போ எங்க வூட்டுக்காரரு முப்பது வருசம் நைட் ஷிப்ட்டு போனாரே, அவுரு இந்த ஊரு ஆளு இல்லியா?"

(அனிலிடம் கேட்டால் பகல் தூக்கமும் தூக்கம்தான் என்று சொல்லியிருப்பார்.) வினோலியா, ரூபேஷ் கடைசியாக எப்போது வந்தான் என்று கேட்டாள். பார்வதம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பொங்கலுக்கு என்றார். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

செயலி கன்னடத்தில் இருந்தது. பெயரைத் தொட்டு நீக்கு என்று அழுத்தினால் ஒரு பட்டியல் இறங்கும்: மரண, மதுவெ, உத்யோக, வித்யாப்யாச, இதரெ. சாவு, கல்யாணம், வேலை, படிப்பு, மற்றவை. படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஐந்து சொல்லில் முடித்திருந்தார்கள். மூன்று பெயருக்கும் காரணம் குறிக்க வேண்டும். ரூபேஷுக்கு உத்யோக, மமதாவுக்கு மதுவெ. குழந்தைக்கு எதைப் போடுவது என்று வினோலியாவுக்குத் தெரியவில்லை. அது எங்கிருந்தும் போகவில்லை.

"போடுங்க மேடம், எதனா போடுங்க," என்றார் பார்வதம்மா. "நீங்க எடுத்துட்டா அவன் வராம பூடுவானா இன்னா?"

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். அதுவும் ரவிகுமாருடையதுதான்.

இப்படி நூற்று நாற்பத்தெட்டுப் பெயர்கள். சிலர் அழுதார்கள், சிலர் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, பெயரை மட்டும் விட்டுவிடுங்கள் மேடம் என்றார்கள். ஒருத்தர் வீட்டில் கெஞ்சலுக்கு இணங்கி வினோலியா விட்டுவிடத்தான் பார்த்தாள். விட்டால் மற்ற வீடுகளில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எடுப்பது என்று திரும்பி வந்து எடுத்தாள். என் பெயரும் அந்த நூற்று நாற்பத்தெட்டில் ஒன்று.

இப்போது கணக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்றில் நிற்கிறது. லாய்ட்டை எடுத்தால் நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

6

லாய்ட்டைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவனுக்குப் பெங்களூரில் வேறொரு பெண் இருந்தாள். எழுத வசதியாக இருந்தது. பட்டியலில் மதுவெ என்று ஒரு சொல் வேறு இருக்கிறதா, அதை வைத்து ஒரு குத்தல் வாக்கியம்கூட எழுதிவிட்டேன். அப்புறம் அடித்தேன். அந்தப் பெண் வந்தவுடன் வாசகர்கள் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது வரைவில் அவன் குடித்தான். அதையும் அடித்தேன்.

மூன்றாவதில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். முதல் மூன்று வருடம் தினமும் ரயில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நின்றுகொண்டே. பிறகு மழை நாட்களில் மட்டும் நண்பன் அறையில் தங்கினான். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி வழிவான். பிறகு மாதம் ஒருமுறை. போன கிறிஸ்துமஸுக்கு வந்தான், கேக் சாப்பிட்டான், மறுநாள் டியூட்டி என்று கிளம்பினான். போனில் கேட்டால் அடுத்த வாரம் என்பான். அவன் அதைச் சொல்லும்போது நிஜமாகவே அடுத்த வாரம் வருவதாகத்தான் நினைத்தான் என்று எழுதியிருக்கிறேன். கொஞ்ச நாளாகப் போனை எடுப்பதுமில்லை.

எந்த நாளில் அவன் வீட்டை விட்டுப் போனான் என்று கேட்டால் காட்ட ஒரு நாள் கிடையாது. சண்டை இல்லை, பெட்டி தூக்கவில்லை. அலமாரியில் அவன் சட்டை நாலு இன்னும் தொங்குகிறது. சர்ச்சில் கேட்பவர்களுக்கு வினோலியா, ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட்டு போட்டுட்டாங்க என்று சொல்லிவந்தாள். முதலில் சில வாரம் அது உண்மையாகவும் இருந்தது.

இந்த லாய்ட் எப்படி இவ்வளவு சரளமாக வந்தான் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனைப் பார்த்து எழுதினேன். அவன் கல்யாணமாகாமல் போனான், அம்மாவையும் அக்காவையும் விட்டுப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

7

முடிவுகள். மூன்றைத் தயார் செய்தேன்.

முதலாவது: அவள் உத்யோக என்று அழுத்திவிடுகிறாள். சுவரில் லாய்ட், வேலை காரணமாக என்று ஒட்டுகிறார்கள். அதிலே அவமானம் ஒன்றுமில்லை, ஊரில் பாதிப்பேர் அதே சுவரில் இருக்கிறார்கள். நேர்த்தியான முடிவு. ஆனால் வேலையால் போன ஆள் போனையாவது எடுப்பான். அது அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது: அவள் விட்டுவிடுகிறாள். ஐந்நூறு பேரில் ஒருத்தரை எந்த அனில் கண்டுபிடிக்கப்போகிறார்? ஆனால் பார்வதம்மாவின் பேரக்குழந்தையை எடுத்த கையால் அதைச் செய்ய முடியுமா? நான் செய்யவைத்தேன். அவள் முகம் சரியாக வரவில்லை. கதையில் பாத்திரத்தின் முகம் வராவிட்டால் எழுதியவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது: அந்த ஞாயிறு லாய்ட் வந்து வாசலில் நிற்கி

(போதும்.)

8

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன், அதாவது நான் கடைசியாக எழுதியதை.

ஒரு விதி இருந்தது. கணக்கெடுப்பவரின் சொந்த வீட்டில் அவரே கேள்வி கேட்டு அவரே பதில் சொல்லக் கூடாது. வீட்டில் உள்ள வேறொருவர் சொல்ல வேண்டும். மகள் வின்னிக்குப் பத்தொன்பது வயது, ராபர்ட்சன்பேட்டையில் கல்லூரி. திங்கட்கிழமை பட்டியல் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல் கிடக்க, வினோலியா போனைக் கையில் வைத்துக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

இத்தனை நாள் அவள் பயந்தது அனிலுக்கோ சர்ச்சுக்கோ இல்லை. ஷிப்ட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவைத்திருந்த இந்த ஒருத்திக்குத்தான்.

நூற்றுப் பதினெட்டு வாசல்களில் கேட்ட அதே குரலில், இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

வின்னி யோசிக்கவில்லை. "ரெண்டு," என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியும் மம்மி. எப்பவோ தெரியும். நீ சொல்லுவன்னு வெயிட் பண்ணேன்," என்றாள்.

வினோலியா அழுதாள் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அவள் அழவில்லை. அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. மகள் தனக்காக எத்தனை ஞாயிறு பொய்யை நம்புவதுபோல உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்று எண்ணிப்பார்த்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை விட்டு, லாய்ட்டின் பெயரைத் தொட்டாள். நீக்கு என்பதை அழுத்தினாள்.

பட்டியல் இறங்கியது. சாவு இல்லை. கல்யாணம் இல்லை. படிப்பு இல்லை. வேலை என்ற சொல்லின் மேல் விரல் போய், நின்று, கீழே இறங்கியது. இதரெ. தொட்டதும் ஒரு காலிப் பெட்டி திறந்தது. விவரம் எழுதவும், குறைந்தது பத்து எழுத்து. எழுதாமல் மேலே போக முடியாது, பெயரும் போகாது.

"எதனா போட்டு அனுப்பு மம்மி," என்றாள் வின்னி. "யாரு படிக்கப்போறா?"

வினோலியா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்தெட்டுப் பேருக்குக் காரணம் குறித்தவள். ஒருத்தருக்கும் தடுமாறியதில்லை, குழந்தையைத் தவிர.

"போனது அவுரு," என்றாள். "காரணத்த நான் ஏன் எழுதணும்?"

போனை மேஜைமேல் வைத்துவிட்டு, தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பத்து நாள் முயன்றேன். அவளுக்காகப் பெட்டியில் போட நல்ல வாக்கியங்கள் பல வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் லாய்ட்டுக்குச் சாதகமாகவே வந்தது. போனவனுக்கு இன்னொரு போனவன் வக்கீல். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

அதனால் பெட்டி காலியாக இருக்கிறது. நீங்களும் ஏதாவது ஓர் ஊரிலிருந்து, காட்ட ஒரு நாள்கூட இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போனவர் என்றால், பத்து எழுத்துக்குக் குறையாமல் நிரப்புங்கள். அவன் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில் எழுதுங்கள். எழுதியதை உங்களுக்காக யார் ஷிப்ட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ அவர்களிடம் நேரில் போய்ப் படித்துக் காட்டுங்கள்.

யாராவது ஒருவர் அதைச் செய்யும்வரை அந்த வீட்டில் மூன்று பேர்.